அவரை இலையில் மருந்து

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்களுக்கு மருந்து என்றால் ஒன்றுதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை, குடிப்பது டானிக். மருந்து என்றால் வெடிமருந்து.

என் வீட்டுக்காரர் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வேலை முடிந்து வந்தால் கொல்லைக் குழாயடியில் குளித்து, சட்டையையும் அங்கேயே அலசி, அவரைப் பந்தலுக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டுவிட்டுத்தான் நிலைப்படி தாண்டுவார். கைக்குழந்தை இருக்கிற வீடு.

ஒரு நாள் காய் பறிக்கப் போனேன். இலைக்கு அடியில் முடியைப் போல மெல்லிய தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு. கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய கண் எனக்கு, வேறெப்படித் தோன்றும்? குச்சியை மருந்தில் முக்கி எடுத்த மாதிரியே இருந்தது.

"சட்டைய அலசாமலா போட்டீக? பிள்ள இருக்கிற வீட்டுக்குள்ள மருந்தக் கொண்டாந்திருக்கீகளே!" என்று கத்திவிட்டேன்.

"அலசித்தான் போட்டேன்" என்றார்.

நான் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தேன். மறுநாளிலிருந்து அவர் சட்டை தெருப்பக்க வேப்பமரத்தில் காய்ந்தது. குழந்தையைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராக வரட்டும் என்று ஒரு வீம்பு.

பந்தலில் அசுவினிப் பேன் ஏறியது. கொழுந்தெல்லாம் கறுப்பாக அப்பி, பூ உதிர்ந்தது. சாம்பல் தூவிப் பார்த்தேன், மசியவில்லை.

ஒரு சாயங்காலம் அந்த வெறும் கயிற்றில் ஒரு பச்சைப் பூச்சி உட்கார்ந்திருந்தது. கண்ணாடி மாதிரி இறக்கை, தங்க நிறத்தில் கண். வால் நுனியால் கயிற்றைத் தொட்டுத் தூக்கியது. இழை ஒன்று நீண்டு நின்றது, அதன் உச்சியில் ஒரு முட்டை. நகர்ந்துபோய் இன்னொன்று வைத்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அவரையைத் துடைக்கிறேன் என்று அவரையும் அல்லவா துடைத்து விரட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

காட்டில் பருத்தி போடும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கண்ணாடிப் பூச்சி. மொதல்ல பொரியுறது மத்த முட்டையத் தின்னுரக் கூடாதுன்னுதான் தண்டு மேல வைக்குது. மருந்து மட்டும் அடிச்சிராத" என்றார். அவர்களுக்கு மருந்து வேறு.

அந்தப் பூச்சிக்குத் தன் பிள்ளைகளின் குணம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் என் வீட்டுக்காரரின் குணம் தெரியவில்லை.

நாலைந்து நாளில் பொரிந்தன. எள்ளைவிடச் சிறிய புழுக்கள் கயிறு வழியாகப் பந்தலுக்கு இறங்கி, அசுவினியைக் கவ்வி உறிஞ்சின. உறிஞ்சிய தோலை முதுகில் ஏற்றிக்கொண்டு அடுத்ததைத் தேடின.

அன்று அவர் வேப்பமரத்தடியில் அலசிய சட்டையை உதறிக்கொண்டிருந்தார். வாங்கிவந்து பந்தலுக்கு மேலே கயிற்றில் போட்டேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

"அது பூச்சி முட்டைங்க. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்."

அவர் பந்தலை எட்டிப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய்க் கையை இன்னொரு தடவை கழுவிவிட்டு, குழந்தைக்காக நீட்டினார்.