பால்மரம் வெட்டிய கைகளில் ஃபோர்க்லிஃப்ட்

எங்கள் ரப்பர் தோட்டத்தைத் தொழிற்பேட்டைக்காக விற்றபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் இருபது வருடம் அங்கே பால்மரம் வெட்டியிருந்தேன், அதாவது ரப்பர் பாலுக்காகப் பட்டை சீவும் வேலை. ஈப்போ நகரத்திலிருந்து வரும் பஸ் எங்கள் சிறிய டவுனின் ஒற்றைக் கடைவரிசையோடு நின்றுவிடும். அங்கிருந்து செம்மண் சாலையில் நடக்க வேண்டும். ஈப்போ மார்க்கெட்டுக்குப் போனால் எங்கள் செருப்புச் சேற்றைப் பார்த்தே "உலு ஆளுங்க" என்பார்கள். காட்டுப்புறத்து ஆட்கள் என்று அர்த்தம்.

மரங்களைச் சாய்க்க இயந்திரங்கள் வந்த அன்று லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் பெண்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். சிலர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அட்டைக்கடியும், மழை பெய்தால் கூலி இல்லாத நாட்களும்தான் நினைவுக்கு வந்தன. மரங்கள் விழ விழ, பின்னால் சுண்ணாம்புக்கல் மலை தெரிய ஆரம்பித்தது. அத்தனை வருடம் அதன் அடியிலேயே வேலை செய்திருந்தும் அதை முழுதாக அன்றுதான் பார்த்தேன்.

அங்கே முதலில் எழும்பியது ஒரு கையுறைத் தொழிற்சாலை. எனக்குக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. என்னோடு மரம் வெட்டிய பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்தார். கிடங்கைத் துடைக்கும்போது என் கண் ஃபோர்க்லிஃப்ட்டின் மேலேயே இருக்கும். ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளை இரண்டு இரும்புக் கரங்களில் ஏந்திக்கொண்டு போகும். ஓட்டுபவர்கள் எல்லோரும் ஆண்கள்.

ஒரு முறை ஓட்டுநர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். யாருக்குப் பழக விருப்பம் என்று கிடங்கு சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டார். நான் கை தூக்கினேன். பின் மேசையில் ஓட்டுநர்களின் சிரிப்புச் சத்தம். சூப்பர்வைசர் மலாய்க்காரர், சிரிக்கவில்லை.

"போலே கா, காக்?" முடியுமா அக்கா என்று கேட்டார்.

"போலே" என்றேன்.

வீட்டில் கணவருக்குப் பிடிக்கவில்லை. "கூட்டுற வேல போதாதா? கைகால் ஒடஞ்சா யாரு பாக்குறது?"

"பாம்பு கெடக்குற காட்டுல இருவது வருசம் நடந்தவ நான். சிமெண்டுத் தரையிலயா விழுந்துருவேன்?"

சனிக்கிழமை நான் பழகப் போனபோது கணவரே உலை வைத்தார்.

இரண்டாம் வாரம் வண்டியின் கரத்தை அதிகமாகத் தூக்கிவிட்டேன். பெட்டிகள் சரிந்து தரையெல்லாம் கையுறை. பின் மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, "பொறுக்கி அடுக்குங்க. அப்புறம் மறுபடி ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னார். அப்படியே செய்தேன். போகப் போக ஒன்று புரிந்தது. பட்டையைச் சீவும்போது கத்தி உள்மரத்தில் படக் கூடாது. மணிக்கட்டில் அவ்வளவு மென்மை வேண்டும். வண்டியின் நெம்புகோலுக்கும் அதே மென்மைதான் வேண்டும். என் கைக்கு அது ஏற்கெனவே தெரியும்.

சோதனை எடுக்க ஈப்போவிலிருந்து ஒருவர் வந்தார். பாரத்தோடு கோன்களுக்கு நடுவே பின்னோக்கி ஓட்டச் சொன்னார். ஒரு கோனைக்கூட நான் உரசவில்லை. என் படம் போட்ட ஓட்டுநர் அட்டை கைக்கு வந்த அன்று, என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர் பக்கத்து ஓட்டுநரிடம், "மச்சான், இனி நம்ம வேலைக்கு ஆபத்துலா" என்றார். அவரே எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார்.

அதற்குள் டவுனும் அடியோடு மாறிவிட்டது. செம்மண் சாலைக்குத் தார் போட்டார்கள். பஸ் தொழிற்சாலை வாசல்வரை வந்தது. மூன்று ஷிப்டுக்கும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் நேப்பாளிகளும் மலாய்க்காரர்களும் நாங்களும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஈப்போவிலிருந்தே காலையில் இங்கு வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். லயத்துக் குடும்பங்கள் சில, புது வீடு கிடைக்காமல் ஈப்போ பக்கம் சிலிபினில் வாடகைக்குப் போயின. ஆனால் லயத்துக்குப் பதில் எங்களுக்குக் கிடைத்த வரிசை வீடுகளில் இப்போது பெண்கள் பெயரில் பட்டா இருக்கிறது. என் வீடும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டு அக்கா ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"எனக்கும் சொல்லிக் குடேன். ஒன்னால முடியிறது என்னால முடியாதா?"

"முடியும்க்கா. சனிக்கிழமை வாங்க."

முதல் சோதனையில் அவர் தோற்றார். மறுநாள் எனக்கு முன்னாலேயே வந்து வண்டிப் பக்கத்தில் நின்றார். இரண்டாம் முறை தேறினார். இறங்கி வாருங்கள், படம் எடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். அக்கா இறங்கவில்லை.

"இருங்கலா, ஒரு ரவுண்டு போய்ட்டு வாரேன்" என்று சொல்லி, கிடங்கின் பெரிய கதவு வழியே வெயிலுக்குள் ஓட்டிக்கொண்டு போனார்.