வளையலோடு வாசித்த கிட்டார்

என் தங்கை நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்று ரைஸ்மில் வேலைக்குப் போனவன். பிறந்தார், பண்போடு வாழ்ந்தார், இறைவனடி சேர்ந்தார் என்று என் தங்கையைப் பற்றி எழுதினால் அது பாதி உண்மைதான். ஆகவே இதை என் பிள்ளைகளுக்குச் சொல்வதாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் அத்தை முக்கூடலில், நாம் இருக்கும் இதே வீட்டில் பிறந்தார். திருநெல்வேலி இன்னிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்த உங்கள் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா வாசிக்க, எதிரில் உட்கார்ந்து விரலைப் பார்த்தே கற்றுக்கொண்டார். சில வருஷத்தில் மாமா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். பதினாறாம் நாள் வளையல் உடைக்க ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டபோது அத்தை எழுந்திருக்கவே இல்லை.

"அவுக வந்தபொறவா வளையல் போட்டேன்? கைப்பிள்ளையில இருந்தே போட்டிருக்கேன். அவுக போனதுக்கு இத ஏன் உடைக்கணும்?" என்றார்.

இரண்டு கை கண்ணாடி வளையலோடும் மாமாவின் எலெக்ட்ரிக் கிட்டாரோடும் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு வருஷம் பெருமழையில் தாமிரபரணி பெருகி வீட்டுக்குள் வந்ததே, அப்போது கிட்டாரும் முங்கிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் கழுத்து வளைந்திருந்தது. கம்பிகளுக்கு அடியில் இருந்து சத்தத்தை வாங்கும் காந்தச் சுருள்கள் இற்றுப்போயிருந்தன. "விறகுக்குக்கூட ஆகாது, தூரப் போடு" என்றார்கள். அத்தை கேட்கவில்லை. நிழலில் காயவைத்து, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்தார். சைக்கிள் கடையில் திருகு முறுக்கும் சாவி வாங்கி வந்து கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி நிமிர்த்தினார்.

சுருளுக்குப் பதிலாக வேறு வழி சொன்னவர் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ரேடியோ கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அலாரக் கடிகாரத்துக்குள் சத்தம் போடும் ஒரு சின்ன வட்டத் தகடு உண்டு. பித்தளை, மேலே வெள்ளைப் பூச்சு. பியெசோ என்று பெயர். மரத்தோடு ஒட்டி வைத்தால், மரம் அதிர்கிற அதிர்வெல்லாம் அதில் மின்சாரமாகும். முதல் தகட்டில் வயரைப் பற்றவைத்தபோது சூடு அதிகமாகிப் பூச்சு உரிந்துவிட்டது. இரண்டாவதை அத்தையே பற்றவைத்தார். கம்பிகள் வந்து உட்காரும் பாலத்துக்கு அடியில் உளியால் குழி எடுத்து அதைப் பதித்தார். சத்தம் மெலிவாக வந்ததால், காந்தச் சுருள் இருந்த பள்ளத்தில் அண்ணாச்சி ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பலகையையும் பேட்டரியையும் வைத்துக் கொடுத்தார்.

முதன்முதலாக வாசித்ததும் கடையே சிரித்தது. பாட்டோடு கலகலவென்று வளையல் சத்தமும் ஸ்பீக்கர் பெட்டியில் வந்தது. மீட்டும் கையின் வளையல் மரத்தில் படும்போதெல்லாம் தகடு அதையும் கேட்டுவிடுகிறது.

"ஏ தாயி, இது ஒன் கையையுமில்லா சேத்துப் பாடுது! பேசாம கழத்தி வச்சிட்டு வாசியேன்."

"வேற வழி சொல்லுங்க, அண்ணாச்சி."

அவரும் ரப்பர் வைத்துப் பார்த்தார், கார்க்கு வைத்துப் பார்த்தார். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் வளையல்மேல் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வாசிப்பது என்று அத்தை முடிவு செய்தார். மாமாவின் குழுவிலேயே இடமும் கிடைத்தது. முதல் கச்சேரியே நம் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்று அமைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மேடையில் குழு உட்கார்ந்தாயிற்று. கொடையை நடத்தும் எங்கள் பெரியப்பா விறுவிறுவென்று மேலே ஏறிவந்தார்.

"ஏட்டி, ஊருக்குத் தெரியாம துணியால மூடிக்கிட்டா வளையல் இல்லன்னு ஆயிருமா? ஒனக்கே வெக்கமா இருக்குல்லா? ஒண்ணு கழத்திட்டு வாசி, இல்ல இறங்கு."

குழுத் தலைவர் தலை குனிந்துகொண்டார். இறங்கினால் அத்தைக்குப் பிழைப்பும் போய்விடும். நான் கீழே நின்று கையைப் பிசைந்தேன்.

"வெக்கத்துக்குக் கட்டல, பெரியப்பா. பாட்டுக்கு இடைஞ்சலா இருக்கும்னு கட்டினேன்" என்றார் அத்தை. "மறைக்கதா ஒங்களுக்குத் தோணுதுன்னா, இந்தா, அவுத்துட்டேன்."

கைக்குட்டையை உருவி மடியில் போட்டார். வளையல் கையால் கிட்டார்மேல் தட்டினார். ஊரில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அத்தனையிலும் வளையல் சத்தம் போயிற்று. தெருமுனையில் கடலை வறுத்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா வாய் திறப்பதற்குள் அத்தை அம்மன் பாட்டைத் தொடங்கிவிட்டார். அம்மன் பாட்டைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது நம் ஊர்க் கட்டுப்பாடு. அதை எல்லோருக்கும் வருஷாவருஷம் சொல்பவரே பெரியப்பாதான். பாட்டு முடியும்வரை மேடையிலேயே கைகட்டி நின்றார். முடிந்ததும் அத்தை மூச்சுவிடாமல் அடுத்த அம்மன் பாட்டைப் பிடித்தார்.

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பெரியப்பா பைய இறங்கிப் போனார். அதற்குப்பின் எந்தக் கச்சேரியிலும் அத்தை கைக்குட்டை கட்டவில்லை.

கடைசி நாட்களில், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற இடது கை வளையலைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி வலது கையில் போட்டுக்கொண்டார். உயிர் போனபின் குளிப்பாட்டும்போது, "இப்பவாவது கழத்திருவோம்" என்று ஒரு குரல் வந்தது. "அவ கையில யாரும் கை வைக்கக்கூடாது" என்று நான் சொன்னேன். வளையலோடுதான் போனார். இன்றும் அதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும்.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்த பெண்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், குழுவினருக்கும், தகடு தந்த ரேடியோ கடை அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. கோடித் துணி எடுத்து வந்து கடைசிவரை நின்ற பெரியப்பாவுக்கும் நன்றி.

பிள்ளைகளே, கிட்டார் இனி உங்களுடையது. பாலத்துக்குப் பக்கத்தில் வளையல் பட்டுப் பட்டு மரம் வெளுத்துக் கிடக்கும். பாலிஷ் போட்டு மறைத்துத் தருவதாக யாராவது சொல்வார்கள். கொடுத்துவிடாதீர்கள்.