சுருக்கம் பிடிக்காத கியாசுதீன் பாய்

கைக்குட்டையால் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகுதான் கியாசுதீன் பாய் அடுத்தவர் சர்டிபிகேட்டைத் தொடுவார். தொட்டதும் முதல் கேள்வி: "கைப்படிப்பா, தலைப்படிப்பா?" வெல்டிங், பிட்டர், சிற்பம் எல்லாம் கைப்படிப்பு. பி.யூ.சி.யில் தொடங்கி டாக்டர்வரை தலைப்படிப்பு. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் மூன்றாவது படிப்பு கிடையாது.

செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் ஆறேழு பேர். ஆனால் மலேசியா, சிங்கப்பூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் வழி கேட்டால், பஸ் கண்டக்டரே பாயிடம்தான் கைகாட்டுவார். அந்த ஊர்ப் பரீட்சை இங்கே எதற்குச் சமம், எத்தனை நகல் வேண்டும் என்பதெல்லாம் பாய்க்கு மனப்பாடம். "பாரின் பாரம்னா சொம்மா இல்ல நைனா. ஒரு புள்ளி தப்பாப் போனா திருப்பிக் கப்பல் ஏத்திடுவான்" என்பார். கொஞ்சம் பீற்றல்தான், ஆனால் நியாயமான பீற்றல்.

அவருக்கு ஆகாத ஒன்று சுருக்கம். யாராவது 'செ.பட்டு' என்று எழுதிக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார். "இன்னாத்துக்கு அரகொறயா எழுதறே? ரிப்பன் என்னுது, அடிக்கிற வெரலும் என்னுது" என்று சொல்லி, பி.ஏ.வைக்கூட முழுநீளத்துக்கு விரித்துவிடுவார்.

எழுபத்துநான்காம் வருஷம் இந்தப் புத்திதான் அவர் காலை வாரிவிட்டது. மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த லதா, கருங்குழியில் அத்தை சந்திரம்மா வீட்டில் தங்கி, மாமல்லபுரத்தில் சிற்பம் படிக்க, பாய் அடித்துக் கொடுத்த மனுவைப் போட்டிருந்தாள். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பிவந்து தலைப்படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் அப்பா ஆபிரகாமின் கண்டிப்பு. கல்லூரியிலிருந்து பதில் வந்தது. 'தாங்கள் ஆந்திர மாநிலத்தவர் என்று தெரிகிறது. அம்மாநிலத் தாசில்தாரிடம் இருப்பிடச் சான்று பெற்று, புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் சேர்ப்பிக்கவும்.' கடிதம் கைக்குக் கிடைத்ததே புதன்கிழமை காலையில்.

"இன்னா பாய் இது, எங்க அண்ணன் பொண்ண ஆந்திராக்காரி ஆக்கிக்கீறே?" என்று, லதாவோடு கோர்ட்டு வாசலுக்கு வந்த சந்திரம்மா கடிதத்தை நீட்டினாள்.

பாய் தம்மிடமிருந்த மனு நகலை எடுத்து, அவள் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் 'லதா ஏ/பி ஆபிரகாம்' என்றிருந்தது. மலேசியாப் பெண்பிள்ளை யாரும் அதற்குமுன் அவரிடம் வந்ததில்லை. ஏ.பி. என்றால் ஆந்திரப் பிரதேசம்தானே என்று, பெயருக்கு நடுவில் ஒரு மாநிலத்தையே முழுசாக அடித்துவைத்திருந்தார்.

"எங்க நாட்டுல, மலாய்ல அதுக்கு மகள்னு அர்த்தம், அங்கிள்" என்றாள் லதா மெதுவாக. "ஆபிரகாமோட மக."

பாயை வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருஷத்தில் அவர் அடித்த காகிதம் ஒன்றும் இப்படித் திரும்பி வந்ததில்லை. கல்லூரிக்காரர்கள்மேல் பழியைப் போட ஒரு கணம் வாய் எடுத்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"தப்பு என்னுதும்மா" என்றார். இயந்திரத்தைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, அவர்களுடனேயே மாமல்லபுரம் பஸ் ஏறினார்.

கல்லூரி அலுவலகத்தில் திருவேங்கடம் என்ற கண்காணிப்பாளர் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "வெளிநாட்டு சீட்டு இன்னும் ஒண்ணு காலியா கீது. நாலு மணிக்குள்ள சரியான பாரம் வந்தா இந்தப் பொண்ணுக்குத்தான்" என்று புதுப் படிவம் கொடுத்தார். அப்போது மணி மூன்றேகால்.

முற்றத்தில் செதுக்காத கருங்கல் ஒன்று கிடந்தது. அதன்மேல் இயந்திரத்தை வைத்து பாய் குனிந்து நின்றபடியே தட்டினார். பிறந்த தேதி, படித்த பள்ளி, எழுதிய பரீட்சை எல்லாம் மளமளவென்று விழுந்தன. பெயருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். கடைசியில் உருளையைப் பின்னுக்குத் திருகி அந்த இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை லதாவின் பக்கம் திருப்பினார்.

"உன் பேர நீயே அடிம்மா."

அவள் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தாள். லதா முடிந்து ஏ விழுந்தது. சாய்கோடு எங்கே என்று தெரியாமல் விரல் நின்றது. பாய் அது இருக்கும் இடத்தைக் காட்டினார். காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.