தீக்குச்சி கிழிக்காமலே புகைந்த பஞ்சு

ரெம்பியா ஊர்ச் சாலையில் மழையில் சறுக்கி விழுந்ததில் என் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டு கவர் உடைந்துவிட்டது. வீட்டிலேயே சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். மிச்சமிருந்த ஓட்டையில், சாமி மேடையில் விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைத் திணித்து, விரலால் அழுத்திக்கொண்டே பசையை ஊற்றினேன்.

குபுகுபுவெனப் புகை! விரல் வெந்தது. உதறினேன், பஞ்சு விரலோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே, பெயிண்டில் கலக்க வைத்திருந்த, சட்டெனத் தீப்பிடிக்கும் தின்னர் டின் திறந்தபடி!

“ஐயோ, கை புகையுதுங்க! தண்ணியில வைங்க லா!” என்று அலறியபடி மனைவி பைப்பைத் திறந்தாள்.

“அந்தப் பசை பஞ்சுல பட்டா நெருப்பே வேணாம், தானா கொதிக்கும்,” என்றார் கிளினிக்கில் என் விரலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர்.

இப்போதெல்லாம் ஓட்டையைப் பழைய பிளாஸ்டிக் துண்டு வைத்தே அடைக்கிறேன். தின்னர் வாசலுக்கு வெளியே. ஆனாலும் விளக்குக்குத் திரி போடும்போது, ஏற்றுவதற்கு முன்பே என் விரல் பின்வாங்குகிறது.