காசநோய் என்று ஒதுக்கிவைத்தார்கள்

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் கழுத்தின் இடது பக்கம் கட்டிகள் புடைத்தன. தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் தொட்டும் பார்க்காமல் காசநோய் என்றார். அவர் பேச்சைக் கேட்டு, அப்பாவை தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில் தனியாகப் படுக்கவைத்தார்கள். என் மகளைத் தாத்தாவின் அருகே விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

பல மாதம் கழித்து, மாட்டுவண்டி பிடித்து அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்னுக்குப் போறதுல கஷ்டம் இருக்கா ஐயா?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளா இருக்குங்க. யாரும் கேக்கல," என்றார் அப்பா.

ஆசனவாயில் விரல் விட்டுச் சோதித்தபின் டாக்டர் என்னிடம் சொன்னார்: "காசம் இல்லம்மா. மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பியில புத்துநோய். பெரும்பாலும் எலும்புக்குத்தான் பரவும். கழுத்துக்கு ஏறுறது அபூர்வம். இனிமே ஒன்னும் செய்ய முடியாது."

தோட்டத்துக்குத் திரும்பியதும் நேராக டிரெஸ்ஸரிடம் போனேன்.

"எந்த நோயா இருந்தா என்னம்மா? மருந்தே இல்லாத காலம்," என்றார்.

"கேள்வி கேக்க மருந்து எதுக்குங்க?" என்றேன்.

அன்றே அப்பாவை வீட்டுக்குள் கொண்டுவந்து, மகளை அவர் பக்கத்தில் படுக்கவைத்தேன். கொஞ்ச நாள்தான் இருந்தார். அந்த டிரெஸ்ஸரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.