சென்றாயனின் ஆறு கட்டு விறகு

மேட்டூரில் அணை கட்டி மின்சாரம் எடுத்தவர்கள் எங்கள் விடுதிச் சென்றாயனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு சட்டித் தண்ணீரிலேயே சென்னப்பட்டணம் வரைக்கும் விளக்கு எரிந்திருக்கும். வெயிலை வீணாக்காமல் காய்வது எப்படி என்று சூரியனே இவரிடம் வந்து பாடம் கேட்டுப் போவதாகப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

மலைமேல் பைல் நாட்டில் எங்கள் பள்ளிக்கூட விடுதிக்கு அடுப்பு, விளக்கு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஆள். சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. அணைக்கு மூன்று வருஷம் கல் சுமந்ததில் வலது தோள் இறங்கிப்போனது. இன்ஜினீயர் என்கிற நினைப்பு ஏறிக்கொண்டது. சுமை வேலைக்கு இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். மலைக்குக் கீழே ஊரில் மனைவி கண்ணாயி இவர் சம்பளத்தை நம்பி இருக்கிறார்.

யுத்தத்தால் விறகு வரத்துக் குறைந்தது. "வாரத்துக்குப் பன்னண்டு கட்டெல்லாம் இனிக் கெடையாது" என்றார் வார்டன் அர்த்தனாரி.

"ஆறு போதுமுங்க" என்று இவர் வாயைக் கொடுத்தார்.

"சரி, ஒரு மாசம் பாக்கறேன். பத்தலைன்னா வேற ஆளு வெச்சுக்கறேன்."

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. பழைய அடுப்பை இடித்துவிட்டு, களிமண்ணில் மூன்று கண் வைத்து நீளமாக ஒன்று கட்டினார். ஒரே வாயில் விறகு. முதல் கண்ணில் ராகிக் களி, அதைத் தாண்டிப் போகிற தீயில் குழம்பு, மிச்சச் சூட்டில் வெந்நீர். பார்த்தால் படுத்துக் கிடக்கிற எருமை. அதன் முதுகைத் தடவித் தடவி விரிசல் பூசுவார். விறகைச் சுண்டுவிரல் பருமனுக்குப் பிளந்து, காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்கண்ணா, வெறகு என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"மூணாம் பாரத்த மூணு வருசமாப் படிக்கறவன வாய மூடச் சொல்லுது கண்ணு."

இரண்டாம் வாரம் விடாத மழை. என் இடுப்பளவு இருந்த விறகுக் குவியல் முழங்காலுக்கு இறங்கியது. எருமை காலை வாரிவிடும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஆள் போனால் போகட்டும். ஆனால் கேலி செய்ய இவரைப்போல் இன்னொருவர் அமைவது கஷ்டம். அந்த ஒரே காரணத்துக்காகத் தினம் விடிகிற நேரத்தில் பின்பக்கத்துப் பலா மரத்தில் நாலு கிளையை ஒடித்து, குவியலுக்குள் செருகிவிட்டு வந்தேன்.

மாதம் முடிந்தது. வார்டன் வந்து பார்த்தார். இருபத்து நாலு கட்டில் அரைக் கட்டு மிச்சம். "இருந்துக்க, சென்றாயா" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் என் பலாக் கிளைகள் செய்த வேலை என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சென்றாயன் என்னைச் சமையற்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். சுவரோரம் பலாக் கிளை மொத்தமும் காயப்போட்டு அடுக்கியிருந்தது. ஒன்றுகூட அடுப்புக்குப் போகவில்லை.

"பச்ச வெறகு கண்ணு. இதப் போட்டிருந்தா ஈரத்தக் காய வெக்கவே பாதித் தீ போயிருக்கும். அன்னைக்கே நான் பொட்டி கட்டியிருப்பேன்."

"எந்த முட்டாப்பய போட்டானோ" என்றேன்.

"கையக் காட்டு."

நான் காட்டவில்லை. அவரே பிடித்து விரித்தார். எத்தனை தேய்த்தும் போகாத பலாப்பால், இரண்டு உள்ளங்கையிலும் கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"தண்ணிக்கெல்லாம் போகாது" என்று எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். "தேச்சுக்கிட்டுப் போ. அந்த முட்டாப்பயலப் பாத்தா, நான் கேட்டேன்னு சொல்லு."