ரோட்டுப் பக்கத்து வேலி

என் மகளுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. காது மட்டும் கூர்மை. பஸ் மேல் வளைவில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். கையில் இருப்பது சோறோ பொம்மையோ, அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவாள். எங்கள் வாசலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இரண்டு கொடி கட்டித் துணி காயப்போடுகிற இடம்தான் உண்டு. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊர் வீடுகள் பெரும்பாலும் உள்ளே தள்ளி இருப்பவை. ரோடு வந்த பிறகு கட்டிய மூன்று வீடுகள் மட்டும் அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. நடு வீடு எங்களுடையது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வந்தால் வந்தார், போனால் போன் மட்டும்தான். நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறேன். மிஷினில் உட்கார்ந்தால் தலை குனிந்துவிடும். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அப்படி ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் பஸ் டிரைவர் என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பஸ் வளைவில் நின்றிருந்தது. நடு ரோட்டில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாளாம்.

“ஏம்மா, புள்ளையக் கட்டியாச்சும் வெக்கக் கூடாதா? இன்னிக்கு பிரேக் புடிச்சுது. மழை பேஞ்சு ரோடு வழுக்குச்சுன்னா நான் என்ன பண்றது?”

பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவர் சொன்னபடியே பழைய சேலையைக் கிழித்து அவள் இடுப்பில் கட்டி, மறு முனையை மிஷின் காலில் முடிந்தேன். ஒரு மத்தியானம்தான். பஸ் சத்தம் கேட்டதும் அவள் இழுத்த இழுப்பில் மிஷினே ஆடியது. அவிழ்த்துப் பார்த்தால் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடம். இனி இந்தப் பிள்ளையைக் கட்டமாட்டேன், கட்டுவதானால் வீட்டைச் சுற்றிச் சுவர்தான் கட்டுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பஞ்சாயத்து ஆபீஸில் இருந்த ஓவர்சியர் என்னை உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டார்.

“சுவருன்னா சுலபமில்லீங்க. இது மலைப்பகுதி. வரைபடம் போட்டு மேல அனுப்பி அனுமதி வரணும். அதுவும் ரோட்டோரம்.”

“எப்ப வரும்?”

“அதை நான் சொல்ல முடியாதுங்க.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அடக்கத் தெரியாது. “அப்ப அதுவரைக்கும் பஸ்ஸை நிறுத்தி வைப்பீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு வேறு வழி சொன்னார். கல்லுக்கால் நட்டு வலைக்கம்பி இழுக்கிற வேலி என்றால் அவர் மட்டத்திலேயே பார்க்கலாமாம். ரோட்டு எல்லையிலிருந்து அவர்கள் அளந்து காட்டுகிற இடத்தை விட்டுத்தான் நட வேண்டும். மழைத் தண்ணீர் போகிற வாய்க்காலை அடைக்கக் கூடாது. ஆள் நடக்கிற தடத்தை மறிக்கக் கூடாது.

“அப்புறம், அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அது இருந்தா வேலை முடிஞ்சுது.”

அதுதானே, அது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முள்ளுக்குறிச்சி வழியாக வரும்போது நான்கு பக்கத்துக்கும் ஆகிற அளவு கல்லுக்கால் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டு, அன்றைக்கே அடுத்த லோடுக்குப் போனார்.

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இடது பக்கத்து வீட்டுப் பெரியப்பா, “கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியலியே சாமி” என்றார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. பின்பக்கத்து வீட்டில் என்னைக் கண்டதும் காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். வலது பக்கத்து வீட்டு அக்கா, என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி, மாமியார் வீட்டில் எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி. அவளும் முகத்தைப் பார்க்காமல், “அப்புறம் பாக்கலாம் கண்ணு” என்று மரவள்ளிக்கிழங்கைத் தோலுரிப்பதிலேயே இருந்தாள்.

நாலைந்து நாள் இப்படியே போனது. எங்கள் வாசல் வழியாகக் குறுக்கே போகிறவர்கள் ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். அக்கா வீட்டுக் குழம்புக் கிண்ணம் வரவில்லை. நான் கொடுத்தனுப்பிய பணியாரம் மூடியோடு அவள் வீட்டுத் திண்டின்மேல் அப்படியே இருந்தது. என் மகளை உள்ளே வைத்துக் கதவைத் தாழ் போட்டிருந்தேன். பஸ் வரும்போதெல்லாம் அவள் இரண்டு கையாலும் கதவை அறைவாள். அந்தச் சத்தத்தோடு நான் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்ததில் பாதியைப் பிரித்துத் தைத்தேன்.

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அக்கா வாசலில் போய் நின்றேன்.

“ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன கேடு? உங்க எடத்துல ஒரு சாண் கேட்டனா?”

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். “எந்த ஊட்டோட சண்டைன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் போடறேன்.”

“யாரு சண்டை போட்டது?”

“நாலு பக்கமும் அடைக்கக் கல்லு கொண்டாந்து போட்டுட்டு யாருன்னு எங்கிட்டக் கேக்கற.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மலையில் விளைகிற காட்டுக்குத்தான் வேலி. பன்றி வரும், மாடு வரும், அடைக்கிறோம். வீட்டைச் சுற்றி அடைக்கிற வழக்கம் கிடையாது. பங்காளிகளுக்குள் சண்டை முற்றி, இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஆகும்போதுதான் ஒருவர் முள்ளை வெட்டிக்கொண்டுவந்து இரண்டு வாசலுக்கும் நடுவில் போடுவார். அன்றோடு தண்ணீர், நெருப்பு, நல்லது கெட்டது எல்லாம் நின்றுவிடும். இதே மலையில் தேவனூர் நாட்டில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. கல்யாணமான புதிதில் சில வருஷம் மலைக்குக் கீழே ராசிபுரத்தில் குடியிருந்தோம். அங்கே காம்பவுண்டும் கேட்டும் இல்லாத வீட்டைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில், முள் போட்டால்தானே பகை, வலைக்கம்பியில் ஏது முள் என்று இருந்துவிட்டேன். என் கையெழுத்துக் காகிதம் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வெட்கமுமாக வருகிறது. பகை பூணுகிறோம், அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடு என்று வீடு வீடாகப் போயிருக்கிறேன்.

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. புள்ளைக்குத்தான்” என்றேன்.

“புள்ளைக்குன்னா அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்” என்றாள் அக்கா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நாங்க பாத்துக்க மாட்டமா? உன் மிஷின் சத்தம் கேட்டா நான் எந்த வேலையா இருந்தாலும் வாரிக்கிட்டு முன்பக்கம் வந்து உக்காந்துக்கறேன். எத்தனை தடவ ஓடிப்போய்ப் புடிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமா? அன்னிக்கு ஒரு நாள் சாவுக்குப் போயிட்டேன். அன்னிக்குத்தான் அந்த டிரைவர் தூக்கிட்டு வந்திருக்கான்.”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவள் ஏன் எப்போதும் வெயிலில் உட்கார்ந்து சாமை புடைக்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். அதற்கு மேல் யோசித்ததில்லை. அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“மிளகு பறிக்கப் போற மாசத்துல?”

மிளகு பறிக்கிற மாதங்களில் இந்த மூன்று வீட்டிலும் பகலில் என்னைத் தவிர ஆள் இருக்காது.

“அதுக்கு ஒண்ணுஞ் சொல்ல முடியலதான்” என்றாள் அக்கா. “ரோட்டுப் பக்கம் மட்டும் அடைச்சுக்கோ. எங்க பக்கம் அடைக்காத.”

“எம் பக்கம் மட்டும் அடைச்சா உன் வாசல் வழியா ஓடிருவாளேக்கா.”

“அப்ப என் வாசலையும் சேத்து அடை. பெரியப்பா வாசலையும் அடை. இதுக்குப் போய் இத்தனை நாளு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு” என்று, ஏதோ நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது போலச் சொல்லிவிட்டு, காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள். பெரியப்பாவுக்குக் கண்ணாடி உடனே கிடைத்துவிட்டது.

மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே வேலி என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தோம். ஓவர்சியர் ஆள் அனுப்பி டேப் வைத்து அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினார். விட வேண்டிய இடத்தை விட்டால் கோடு எங்கள் துவைக்கிற கல்லுக்கு உள்பக்கமாக வந்தது. கல்லைப் பின்பக்கம் நகர்த்திக்கொண்டோம். வாய்க்கால் மேல் கால் நடவில்லை. பெரியப்பா வீட்டுப் பக்கம் பாறையில் ஆரம்பித்து, அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் முடிந்தது வேலி. ஆள் நடக்கிற தடத்துக்காக அக்கா வாசலுக்கு எதிரே திறந்து மூடுகிற ஒரு இரும்புப் படல். அதன் கொண்டி மேலே, என் மகளுக்கு எட்டாத உயரத்தில். நான்கு பக்கத்துக்கென்று வந்த கல்லுக்கால் ஒரு பக்கத்துக்கே சரியாகப் போய்விட்டது.

முடிந்த பிறகு ஓவர்சியரே பார்க்க வந்தார். கோட்டைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், திருப்திதான். பிறகு உள்ளே வந்து மூன்று வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் கோழி அக்கா வாசலில் மேய்ந்தது, அவர்கள் ஆடு எங்கள் வாசலில் படுத்திருந்தது.

“ஏனுங்க, நடுவுல ஒரு தடுப்பும் இல்லையே. இதுல எது யாரு எடம்னு எப்படித் தெரியும்?”

“அது எங்களுக்குத் தெரியுமுங்க” என்றாள் அக்கா. “இது எடத்துக்குப் போட்ட வேலி இல்லீங்க. இந்தப் புள்ளைக்குப் போட்டது.”

அவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் தைக்கவேண்டிய துணி கிடந்தது. மிஷினில் உட்காரப் போனவள் சும்மா தரையில் தலை சாய்த்தேன். மகள் நடக்க ஆரம்பித்த பிறகு பகலில் நான் கண்ணை மூடியதே இல்லை. விழித்தபோது வெயில் போயிருந்தது. அடித்துப் பிடித்து எழுந்து வெளியே ஓடினேன். அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் மகள் அவள் மடியில் சாய்ந்து வேகவைத்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

“எழுப்பலாம்னுதான் வந்தேன். நல்லாத் தூங்கிட்டிருந்த, உட்டுட்டேன்” என்றாள் அக்கா.

அதற்குள் இரண்டு பஸ் போயிருந்ததாம். எனக்குக் கேட்கவே இல்லை.